மூன்று எண்ணுவதற்கு முன்

திண்டிவனம்,
17.6.1985

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவும் அண்ணியும் நலம். நானும் நலம் என்று எழுதினால் பொய்யாகும்.

சனிக்கிழமை பத்திரிகைக் கட்டு இறக்க வந்த ஏஜென்ட் சீனுவாசன், கட்டைக் கீழே வைக்காமல் கடை வாசலிலேயே நின்றார். "இன்னா சக்கரபாணி, உன் தங்கச்சி பேரை விழுப்புரம் ரிஜிஸ்தர் ஆபீசுல ஒட்டிக்கீறாங்க. கூட ஒரு வேதக்காரப் பேரு" என்றார். கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து பார்த்தேன். தனித் திருமணச் சட்டத்தின் கீழ் அறிவிப்பு. மணமகள் அம்சவள்ளி, தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர். மணமகன் சவுரிராயன், கிறிஸ்தவர், சர்க்கரை ஆலையில் ஃபிட்டர், காணை காலனி. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே அச்சடித்திருந்தது. இரண்டு தரம் படித்துவிட்டு உன்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

எனக்குக் கோபம் இல்லை. காரணம் தெரிந்த விஷயத்தில் கோபம் வருவதில்லை.

போன வருடம் நம் வணிகர் சங்க ஆண்டு விழாவில் புரொபசர் மேகநாதனின் ஹிப்னாடிச நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவன் நான். மேடைக்கு இரண்டு பேர் வரலாம் என்று அவர் அழைத்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. விழா கெட்டுவிடக் கூடாதே என்று உன் கையைப் பிடித்து மேலே அனுப்பியவனும் நான்தான். இன்னொரு நாற்காலிக்கு ஆள் கிடைக்காமல் மைக் செட்காரனுக்குத் துணையாக வந்தவனை உட்கார வைத்தார்கள். நீங்கள் இருவரும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், ரயிலில் போகிறீர்கள் என்று புரொபசர் கட்டளையிட்டார். நீங்களும் அப்படியே நடந்துகொண்டீர்கள். பிறகு தலைவர் பேச்சு நீண்டது, புரொபசர் பாண்டிச்சேரிக்குக் கடைசி பஸ் என்று ஓடினார். உங்களை முறைப்படி எழுப்பினாரா? மூன்று எண்ணி விரலைச் சொடுக்கினாரா? எனக்கு நினைவில்லை. அந்த ஆள்தான் இந்தச் சவுரிராயன். திரும்ப எடுக்கப்படாத கட்டளை மனதுக்குள்ளே தங்கிவிடும் என்பது நம் கடையில் உள்ள புத்தகங்களிலேயே இருக்கிறது.

கெங்கம்மா அத்தை இதை இடுமருந்து என்கிறாள். சாப்பாட்டில் எதையோ வைத்துவிட்டானாம். மயிலம் பக்கம் மருந்து எடுக்கிற பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாளாம், பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைப்பாளாம். அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். மூடநம்பிக்கைக்கு நான் இடம் தரமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இது அறிவியல்.

நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வா. புரொபசர் இரும்பையில் இருப்பதாகக் கேள்வி. அவர் உன்னை எழுப்பட்டும். பிறகு உன் சொந்தப் புத்தியில் முடிவு செய்.

உன் அண்ணன்,
சக்கரபாணி


விழுப்புரம்,
21.6.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடம் சொல்லாமல் நோட்டீஸ் கொடுத்தேன். சொல்லியிருந்தால் கொடுக்க விட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. லீவு போடப் போவதில்லை. இரும்பைக்கும் வர மாட்டேன்.

நான் அன்றைக்குத் தூங்கவே இல்லை.

நடந்தது இது. புரொபசர் என் முகத்துக்கு நேரே சங்கிலிக் கடிகாரத்தை ஆட்டினார். எனக்குக் கொட்டாவிகூட வரவில்லை. அவர் நெற்றியில் பூசியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. குனிந்து என் காதருகே சொன்னார்: "கண்ண மூடிக்கோம்மா. செஞ்சியிலயும் ஊத்திக்கிச்சி, வந்தவாசியிலயும் ஊத்திக்கிச்சி. இங்கியும் போச்சின்னா நான் கோட்ட கழட்டி வச்சிட வேண்டிதுதான்." முதல் வரிசையில் நீங்கள் வெள்ளைச் சட்டையோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தீர்கள். அவரையும் பார்த்தேன், உங்களையும் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு ரயில் கிளம்பியது. "உம் பொண்டாட்டி மல்லாட்டை உரிச்சித் தர்றா, துன்னுப்பா" என்றார். வெறுங்கையில் வேர்க்கடலை உரித்து வெறுங்கையை நீட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் வாங்கி மென்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். புரொபசர் சொல்லிக் கொடுக்காத வார்த்தை அது. கட்டளைக்குத் தின்கிற ஆள் உப்பைக் குறை சொல்ல மாட்டார். இவரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவரை விழுப்புரம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். தயங்கித் தயங்கி வந்து கேட்டார்: "அன்னிக்கி நீங்க தூங்கலதானே?" நான், "நீங்க?" என்றேன். "நான் எங்க தூங்கறது? மைக்கு வேற கொர்ருன்னு கத்திக்கினு இருந்திச்சி" என்றார். அந்த விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேரிலும் என்னிடம் இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. நேராக எழுப்ப ஆள் தேடுகிறீர்கள்.

அதன் பிறகு நடந்தவற்றில் கடிகாரமும் இல்லை, கட்டளையும் இல்லை. பத்து மாதம் பேசினோம். சண்டையும் போட்டோம். பிறகு முடிவு செய்தோம்.

நம் கடையின் மாத நாவல்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த அலமாரியைத் துடைத்து அடுக்கியவள் நான். அட்டையில் சுழல்கிற வட்டம், அதன் நடுவே கண் மூடிய பெண். உள்ளே ஒருவன் உற்றுப் பார்ப்பான், அவள் பொம்மை மாதிரி பின்னால் போவாள். கடைசி அத்தியாயத்தில் முறைமாப்பிள்ளை வந்து கன்னத்தில் தட்டுவான், அவள் "நான் எங்கே இருக்கிறேன்?" என்பாள். சினிமாவிலும் அப்படித்தான். வில்லனின் கண் மேல் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் அடிப்பார்கள். அத்தனையும் படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். வீட்டுக்குப் பிடித்தவனை ஒரு பெண் விரும்பினால் அந்தக் கதைகளில் அதற்குப் பெயர் காதல். பிடிக்காதவனை விரும்பினால் மெஸ்மரிசம். அத்தை மகனிடம் மயங்கிய பெண்ணை யாரும் எழுப்பியதாக ஒரு நாவல்கூட நம் அலமாரியில் இல்லை.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். விட்டு விட்டுப் படிக்க வேண்டாம்.

அம்சவள்ளி


திண்டிவனம்,
4.7.1985

அம்சவள்ளிக்கு,

நேற்று பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்தேன். இதை வேறு ஒருவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

மனுவில் உன்னைப் பற்றியோ அவனைப் பற்றியோ தரக்குறைவாக ஒரு வார்த்தை இல்லை. மேற்படி அம்சவள்ளி ஹிப்னாடிசக் கட்டளைக்கு உட்பட்டு, அதிலிருந்து விடுவிக்கப்படாத நிலையில் இருப்பதால், சம்மதம் தெரிவிக்கத் தக்க மனநிலையில் இல்லை. இவ்வளவுதான். ஒரு வாரப் பத்திரிகையின் மனநல டாக்டர் பதில்கள் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். எழுத்தர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், முதல் கல்யாணம் மறைச்சிட்டாங்கன்னு எழுதுவாங்க, வயசு பத்தலன்னு எழுதுவாங்க. இப்பிடி யாரும் எழுதி நான் பாக்கல" என்றார். முதலாவதாக இருக்கட்டும் என்றேன்.

நீ தூங்கவில்லை என்று எழுதியிருப்பதைக் கவனமாகப் படித்தேன். கட்டளைக்கு உட்பட்டவருக்கு அது தெரியாது, தான் தெளிவாக இருப்பதாகவே சாதிப்பார் என்று அந்த டாக்டரும் சொல்கிறார். நீ எவ்வளவு அழுத்திச் சொல்கிறாயோ அவ்வளவு பயமாக இருக்கிறது. அத்தையும் பெரியப்பா வீட்டாரும் வண்டி பிடித்து வந்து உன்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். தடுத்து நிறுத்தியது நான். சட்டப்படி போவோம், அறிவியல்படி போவோம் என்றேன். அதையாவது நினைத்துப் பார்.

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உப்பு கம்மி என்ற இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சக்கரபாணி


விழுப்புரம்,
8.7.1985

அண்ணனுக்கு,

விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் இணைப்பகத்தின் முகவரிக்கே வந்தது. சூப்பர்வைசர் லூர்துமேரி அக்காதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். படித்துவிட்டு, "அடியே, தூக்கத்துலயே இவ்ளோ டிரங்க் கால் போட்டுக் குடுத்திருக்கியே, முழிச்சிக்கினா இந்த போர்டு தாங்குமாடி?" என்றார்கள். ஷிப்டு முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விடுதிக்குப் போய்த்தான் அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

தூங்கவில்லை என்று நான் சொல்வது தூங்குவதற்கு அடையாளம் என்கிறீர்கள். ஆமாம், தூங்குகிறேன் என்று சொன்னால் தெளிந்துவிட்டாள் என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா? எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பேச்சு என் பேச்சு இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். வண்டி கொண்டுவந்து இழுத்துப் போயிருந்தால்கூட ஊருக்குத் தெரியும்படி கத்தியிருப்பேன். நீங்கள் என் குரலையே எடுத்துக்கொண்டீர்கள்.

இப்போது உண்மையைப் பேசுவோம். உங்களுக்கு இருக்கிற ஆட்சேபணை வேறு. அவர் மேடையேறிய ஆள் என்பதல்ல, காணை காலனி ஆள் என்பதுதான். அதை மனுவில் எழுத முடியாது, சட்டம் ஏற்காது. சட்டம் ஏற்றாலும் உங்கள் கை எழுதாது. போன மாசியில் ஓமந்தூரில் ஒரு சீர்திருத்தக் கல்யாணத்தை நடத்திவைத்தீர்கள். பெண் ஒரு சாதி, பிள்ளை ஒரு சாதி. சாதியைத் தூக்கி எறிந்த இந்த இருவரையும் பெற்றவர்களைவிட நான் அதிகமாக வாழ்த்துகிறேன் என்று பேசினீர்கள். நான் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் கேட்ட தைரியத்தில்தான் சவுரிராயனிடம் சரி என்றேன். என்னை மயக்கிய ஆள் யார் என்று நீங்கள் தேடுவதாக இருந்தால் இதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அத்தையிடம் எனக்குச் சண்டை இல்லை. அவள் சாதி என்றால் சாதி என்று சொல்லிவிடுகிறாள். உங்களுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே தங்கைக்குப் புத்தி போய்விட்டது.

விசாரணைக்கு வருகிறேன்.

அம்சவள்ளி


திண்டிவனம்,
20.7.1985

அம்சவள்ளிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஓமந்தூரைப் பற்றி நீ எழுதியதற்கு இதில் பதில் இல்லை.

புரொபசரைப் பார்த்தேன். இரும்பையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வீடியோ வந்த பிறகு யாரும் நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவதில்லையாம். எழுப்பினீர்களா என்று கேட்டேன். "ஞாபகம் இல்லீங்க. பஸ்ஸு போய்டுமேன்னு ஒரே பேஜாரு. சால்வைய கூட வாங்கிக்காம ஓடியாந்தேன்" என்றார். நீ சொன்னதையும் கேட்டேன், மேடையில் கண்ணை மூடச் சொல்லிக் கெஞ்சினீர்களா என்று. பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைத் தண்ணீரில் முக்கினார், எடுத்தார், மறுபடி முக்கினார்.

திரும்பும் வழியில் விழுப்புரத்தில் இறங்கி சர்க்கரை ஆலை வாசலில் அந்தப் பையனையும் பார்த்துப் பேசினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவனை உட்காரச் சொல்லவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எல்லோருக்கும் கௌரவமான ஒரு வழியை அவனிடம் சொன்னேன். விசாரணை அன்று புரொபசர் வருவார். அதிகாரி முன்னால் மூன்று எண்ணுவார், விரலைச் சொடுக்குவார். நீ விழிப்பது போல் விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட வேலை. பிறகு அதிகாரி கேட்பார். சவுரிராயனைத்தான் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் அந்த இடத்திலேயே மனுவைத் திரும்பப் பெறுகிறேன். இது நிச்சயம். உனக்குக் கல்யாணம் நடக்கும். என்னால் முடிந்ததைச் செய்தேன், தெளிந்த பிறகும் அவள் விருப்பம் அதுதான் என்று உறவுக்காரர்களிடம் நான் சொல்லிக்கொள்வேன். புரொபசருக்கும் பெயர் கெடாது.

"உங்க தங்கச்சி ஒத்துக்கினா எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று அவனும் சொல்லிவிட்டான். நீ மட்டும்தான் பாக்கி.

சக்கரபாணி


விழுப்புரம்,
24.7.1985

அண்ணனுக்கு,

சவுரிராயன் வந்து சொன்னார். அவரோடும் சண்டை போட்டாயிற்று.

"இன்னா போச்சி? ஒரு நிமிஷம் கண்ண மூடித் தொறக்கப்போற. மல்லாட்டை உரிச்சவதானே நீ?" என்றார். அன்று மூடியது நானாக மூடியது என்றேன். இன்று மூடினால் அது கையெழுத்து. இன்ன தேதிவரை எனக்குப் புத்தி இல்லை என்று நானே போட்டுக் கொடுக்கிற கையெழுத்து. அந்தப் பத்து மாதத்தில் நான் இவரிடம் பேசியதெல்லாம் உளறல் என்றாகும். நாளைக்கு எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால், இப்போதுதான் உண்மையாகத் தெளிந்தாள் என்று வண்டி அனுப்புவீர்கள். ஒரு தரம் எழுப்பப்பட்டவளை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுப்பலாம்.

பிறகு அவர் சொன்னார்: "செரி. அப்ப நானும் முழிச்சிக்கினுதான் இருந்தேன்னு எழுதிக்கச் சொல்றேன். உங்கண்ணன் என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலியே, நான் தூங்கிக்கினு இருக்கறனா இல்லியான்னு?"

நல்ல கேள்வி. மனுவில் அவர் மனநிலையைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை? அவரையும்தானே புரொபசர் எழுப்பவில்லை?

அம்சவள்ளி


திண்டிவனம்,
1.8.1985

அம்சவள்ளிக்கு,

செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். என் தலைக்குள் அது ஓயாமல் ஓடுகிறது. எழுதினால் நிற்கும் என்று நினைக்கிறேன்.

புரொபசர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி முதலில் பெயர் கேட்டார். மேகநாதன் என்றார். "அது நோட்டீசுல போடற பேரு. ரேஷன் கார்டுல இன்னா பேரு?" புரொபசர் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், மண்ணாங்கட்டி. அறையில் யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

"இந்தம்மா இப்ப தூக்கத்துல இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார். புரொபசர், "இருக்கலாங்க, இல்லாமயும் இருக்கலாங்க. எதுக்கும் எழுப்பி உட்டுடறேன்" என்றார். அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, செய்யுங்கள் என்று கையைக் காட்டினார். அவர் உன் முன்னால் வந்து கையைத் தூக்கினார். ஒன்று என்றார். நீ அசையவில்லை. அப்போது நான் நினைத்தேன், ஒத்துக்கொண்டுவிட்டாள், எல்லாம் நல்லபடியாக முடிகிறது என்று. இரண்டு என்றார்.

மூன்று சொல்வதற்கு முன் நீ எழுந்து நின்றாய். அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாய். "ஐயா, அன்னிக்கி உங்களுக்காக மூடினேன். இன்னிக்கி முடியாது" என்றாய். பிறகு அதிகாரியிடம், "சார், ஒரு வருசமா நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன். யாரும் என்னை எழுப்பத் தேவையில்லை. இவங்க மூணு சொல்லல, அதையும் எழுதிக்குங்க" என்றாய். புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அது சொல்றதுதான் நெசங்க. நான்தான் கெஞ்சினேன்" என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஹிப்னாடிசம் தவிர வேற ஆட்சேபணை எதுனா இருக்கா?"

நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். சவுரிராயனைத்தான் சொல்கிறேன். நான் சொல்லப்போகும் வார்த்தை என்னவென்று உங்கள் இருவருக்கும் தெரியும் என்பது உங்கள் முகத்திலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று அதிகாரியே எழுதிக்கொண்டு மனுவைத் தள்ளுபடி செய்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் அன்று அவர் உப்பு கம்மி என்றபோது நீயும் சிரித்தாய். கண்ணை மூடிக்கொண்டே, வாய்விட்டுச் சிரித்தாய். அப்பா போன பிறகு நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. உன்னை வளர்த்தவன் நான். எனக்குத் தெரியாத சிரிப்பு உன்னிடம் இருக்காது என்று நினைத்தேன். ஆகவே அது உன்னுடையது இல்லை, வரவழைக்கப்பட்டது என்று முடிவு கட்டினேன். மனு எழுதும்போது அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது. நீ சொல்கிற காரணமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். ஒரு சாட்சியாக நான் வருகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய். இரண்டு என்றவுடன் நீ எழுந்ததைத்தான் தெளிந்து எழுந்ததாக நம் உறவில் சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து எதுவும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டால் மறுக்காமல் இருந்தால் போதும். அம்மா வெளியே தலைகாட்ட வேண்டும், நான் கடை நடத்த வேண்டும்.

அண்ணன்


விழுப்புரம்,
3.8.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். புரொபசர் உட்கார்ந்த பிறகு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் சவுரிராயன். அதை விட்டுவிட்டீர்கள். மற்றதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

வேறு ஆட்சேபணை இருக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது நீங்கள் பேசாமல் இருந்ததை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கத்தினாலா, என் மேல் உள்ள பாசத்தினாலா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அந்த வார்த்தையை அவர் எதிரில் சொல்லாமல் விட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அந்தச் சிரிப்பு என்னுடையது. யாரும் வரவழைத்ததல்ல. நம் வீட்டில் அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் என்னைப் படிக்க வைத்தீர்கள், வேலைக்கு அனுப்பினீர்கள், பெரியப்பா வீட்டாரின் வண்டியைத் தடுத்தீர்கள். ஒன்றையும் மறக்கவில்லை. அதற்கெல்லாம் ஈடாக நான் தூங்கினேன் என்று சொல்ல வேண்டுமென்றால் அது முடியாது.

உதவி கேட்டிருக்கிறீர்கள். செய்ய மாட்டேன். யார் கேட்டாலும் மறுப்பேன். அத்தை கேட்டாலும், அம்மா கேட்டாலும், நம் கடையில் மாத நாவல் வாங்க வருகிறவர் கேட்டாலும், என் அண்ணன் சொல்வது பொய், நான் விழித்திருந்துதான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொல்வேன். உங்களுக்குக் கடை இருப்பது போல எனக்குப் பேச்சு இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் பிழைக்க வேண்டும்.

கல்யாணம் வருகிற வியாழக்கிழமை, எட்டாம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு. ஆடி மாதம், ராகு காலம். அத்தை நிச்சயம் வர மாட்டாள். நீங்கள் தேடித் தேடிக் கல்யாணம் நடத்திவைக்கிற நேரம் அதுதான், ஆகவே நேரத்தைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

சாட்சிக் கையெழுத்துக்கு லூர்துமேரி அக்கா இருக்கிறார்கள். மைக் செட் வைத்திருக்கும் சவுரிராயனின் மச்சான் இருக்கிறார். மூன்றாவது இடத்தை உங்களுக்கு வைத்திருக்கிறேன். எங்கள் லைன்மேன் பூமாலை வாசலிலேயே இருப்பார். நீங்கள் வராவிட்டால் அவர் போடுவார். கல்யாணம் நிற்காது.

வருவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்காராமல் இருக்க மாட்டார்கள். இன்னா சக்கரபாணி, எங்க பொறப்பட்ட என்று கேட்காமலும் இருக்க மாட்டார்கள். என் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை யார் என்பார்கள். சவுரிராயன், ஃபிட்டர், காணை காலனி என்று முழுசாகச் சொல்லுங்கள். மெஸ்மரிசம் என்று சொன்னாயே என்பார்கள். இல்லை, அவளாகத்தான் கட்டிக்கொள்கிறாள் என்று பஸ்ஸில் மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். ஓமந்தூரில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது உங்கள் குரல்.

சொல்ல முடிந்தால் விழுப்புரம் வாருங்கள். வாசலில் நானும் அவரும் நிற்போம். உட்கார வைத்து டீ கொடுப்போம்.

முடியவில்லை என்றால் விக்கிரவாண்டியில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுங்கள். எனக்குக் கோபம் இருக்காது. ஆனால் வாயை மூடிக்கொண்டு விழுப்புரம்வரை வர வேண்டாம்.

தங்கை,
அம்சவள்ளி